பன்னிரண்டு பாராட்டுக் கடிதங்கள்

மார்ச் 4

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதவிருக்கும் கடிதத்தின் குறிப்புகள்:

1. சென்ற மாதம் வந்த வாசகர் கடிதங்கள் பதினான்கு. பன்னிரண்டு, ஆளுங்கட்சியின் குடிநீர்க் குழாய்த் திட்டத்துக்குப் பாராட்டு.
2. பன்னிரண்டும் ‘எக்கட்சியும் சாராதவன் என்ற முறையில்’ என்றே தொடங்குகின்றன.
3. ஆகவே எழுதியவர் ஒரே கட்சிக்காரர். பெயர்கள் இரவல்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான்; காப்பி அடித்தது கண்ணில் படாமல் போகாது. ஆனால் பன்னிரண்டில் ஒரு பெயர் எதிர்வீட்டுத் தையல்காரருடையது. தினமும் என்னோடு சதுரங்கம் ஆடுபவர்.

மார்ச் 5

மனைவி படித்துப் பார்த்தாள். “எழுதறதெல்லாம் சரி. அனுப்புவீங்களா?”

மார்ச் 7

ஆட்டத்தின் நடுவே தையல்காரரிடம் மெல்லக் கேட்டேன், பெயரை யாருக்காவது கொடுத்தாரா என்று. காயைக் கீழே வைத்துவிட்டார்.

“என் பேரை நான் வாடகைக்கா விட்டிருக்கேன்? உக்காந்து நானே எழுதினது சார். தையக்காரன் நாலு வரி எழுதக் கூடாதா?”

எழுந்து போய்விட்டார். நான் கேட்ட விதம் தவறா, கேட்டதே தவறா?

மார்ச் 8

தையல்காரர் ஆட வரவில்லை. கடிதத்தை அனுப்பிவிட்டேன். கோபத்தில் இல்லை — அனுப்பாவிட்டால் எதற்காக அவரை நோகடித்தேன் என்றாகிவிடும். முதல் பத்தியில் மரியாதைக்காகத் திட்டத்தைப் பாராட்டி நான்கு வரி சேர்த்தேன். எடுத்ததுமே குறை சொல்ல எனக்கு வராது.

மார்ச் 12

வரவில்லை. காய்கள் அன்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தூசி தட்டினேன், நகர்த்தாமல்.

மார்ச் 15

என் கடிதம் பத்திரிகையில் வந்திருக்கிறது. அந்த நான்கு வரி மட்டும்! குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. தொடக்கம்: ‘எக்கட்சியும் சாராதவன் என்ற முறையில்’. நான் எழுதவே இல்லையே அதை!

மனைவி சிரித்தாள். “பதிமூணாவது ஆளு நீங்கதான்.”

மார்ச் 16

பத்திரிகையோடு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே நீட்டினேன். படித்தார். உள்ளே போய் அளவு நோட்டைக் கொண்டுவந்தார். யாருடைய சட்டை அளவுக்கோ கீழே, பென்சிலில் அவருடைய கடிதம்: குழாய் போட்டது நல்லது, ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். அச்சில் வந்தது, அவர் எழுதாத அதே ‘எக்கட்சியும்’ தொடக்கத்தோடு, முதல் வரி மட்டும்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“வெட்டிட்டாங்கன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு சார். நீங்க வேற வித்துட்டேன்னு நினைச்சீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். “அன்னிக்கு என் ஆட்டம்தான் பாக்கி” என்று செருப்பை மாட்டினார்.

குறிப்பு 1 சரி. குறிப்பு 2 சரி. குறிப்பு 3 தவறு, பெயர்கள் அவரவருடையவை. வெட்டியது பத்திரிகை.