துண்டு வீசும் வரை

1981 அக்டோபர் 29, வியாழன்
திருமழபாடித் துறையில் இன்று ஓர் அதிசயம். கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நடுவில் ஓடக்காரர் வைரக்கண்ணுவின் பாய் ஓடம் அப்படியே நின்றது. கயிறு இல்லை, நங்கூரம் இல்லை. சிறகடிக்காமல் பருந்து வானத்தில் நிற்குமே, அப்படி. மிதந்து வந்த வைக்கோல் போர் ஒன்று கடக்கும்வரை நின்றுவிட்டுத்தான் கரைக்கு வந்தது.

எப்படி என்று கேட்டேன்.

"நிக்கலீங்க சார், ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆறு கிழக்க இழுக்குது, கொண்டல்காத்து மேக்க தள்ளுது. ரெண்டும் சமமா வர்ற அளவுக்குப் பாயைச் சுருட்டணும். பாய் கூடிச்சின்னா மேக்க முக்கொம்பு, குறைஞ்சா கிழக்க கடலு."

காலமெல்லாம் பள்ளியில் சமன்பாடு நடத்தியவன் நான். இவ்வளவு நல்ல உதாரணம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

நவம்பர் 3
மகள் புஷ்பவல்லியைப் பிரசவத்துக்கு ஞாயிறன்று அனுப்புவதாக அக்கரைச் சம்பந்தி சொல்லியனுப்பினார். அவள் அம்மா ரத்தினம்மாள் தூளிக்கென்று பழம்புடவைகளைத் துவைத்துப்போட்டாள். மழை விட்டால்தானே காய.

நவம்பர் 8, ஞாயிறு. அரியலூர் ஆஸ்பத்திரி வராந்தா
மகள் உள்ளே. காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

புஷ்பவல்லி ஏறிய ஓடம் நடு ஆற்றுக்கு வந்தபின் தண்ணீர் திடீரென்று ஏறியது. வாழை, கூரை, மரம் எல்லாம் மேற்கு வளைவு திரும்பி எங்கள் கரையை ஒட்டியே வந்தன. ஓடத்திலிருந்து வளைவு தெரியாது; கரை மேட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். அங்கிருந்து துண்டு வீசினால்தான் ஓடம் கரைக்குத் திரும்பும். இது இந்தத் துறையின் வழக்கம். வீசுகிறவர் வைரக்கண்ணுவின் தம்பி பிச்சைமுத்து. இன்று அவர் கயிறு பிடிக்கக் கீழே இறங்கவேண்டி வந்தது.

"வளைவு காலியானதும் நீங்க வீசுங்க சார். அதுவரைக்கும் கையைத் தூக்கிராதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஓடம் நின்றது. புஷ்பவல்லி பலகையைப் பிடித்துக்கொண்டு குனிவது தெரிந்தது.

"வலி கண்டுருச்சுங்க. துண்டைக் காட்டுங்களேன்" என்றாள் ரத்தினம்மாள்.

வளைவில் ஒரு மருதமரம் வேரோடு திரும்பிக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை.

"பெத்த மனசா இது? கல்லு."

முகத்தில் மழை வழிந்தது. துண்டால் துடைக்கவும் பயம் — வீசியதாக நினைத்துவிட்டால்? கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அங்கே வைரக்கண்ணு பாயை ஒரு மடிப்பு அவிழ்ப்பார், அரை மடிப்பு சுருட்டுவார். அத்தனை வெள்ளத்திலும் ஓடம் அதே இடத்தில். பயத்தோடு பயமாக, என்ன அழகு என்றும் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றலாமா?

மரம் வந்தது. ஓடம் வந்து ஒட்டவேண்டிய படிகளை அதன் வேர் உரசிக்கொண்டு போனது. வளைவைப் பார்த்தேன். காலி. வீசினேன்.

ஓடத்தின் மூக்கை அவர் சற்றே வடக்கே திருப்பினார், அவ்வளவுதான். கரும்பலகை விளிம்பில் சுண்ணக்கட்டி நழுவுவதுபோல ஓடம் பக்கவாட்டில் வழுக்கிக் கரைக்கு வந்தது.

பாவம், புஷ்பவல்லி என் கையைத்தான் முதலில் பிடித்தாள். ரத்தினம்மாள் என்னோடு பேசவில்லை.

நவம்பர் 9
பெண் குழந்தை. இருவரும் நலம்.

நவம்பர் 17
குழந்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு வேம்பு வந்திருந்தாள். ரத்தினம்மாள் உள்ளே அவளிடம் சொல்வது காதில் விழுந்தது: "அவங்க மட்டும் அன்னிக்கி நான் சொன்னதைக் கேட்டிருந்தாங்கன்னா, அந்த மரம்..."

பிறகு குளிக்கப் போகும்போது, கரையில் வீசிய அந்தத் துண்டைத் தேடினேன். அன்றிலிருந்து என்னிடம் பேசாதவள் பேசினாள்.

"தூளிக்குள்ள விரிச்சிருக்கேன். நீங்க வேற எடுத்துக்குங்க."

வேறு எடுத்துக்கொண்டேன்.