வாசல் பலகையில் இருக்கும் பி.ஏ.

என் அன்பு அத்தாவுக்கு,

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சின்னத்தா உங்களை அடக்கிய மையவாடிக்குப் போய் உங்களுக்கு சலாம் சொல்லிவிட்டு வருகிறார். பெண்பிள்ளை நான் அங்கே வர முடியாது. எனக்கு இருக்கிற வழி எழுதுவதுதான். நீங்கள் மௌத்தாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது, இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினேன். இன்ஜினியரிங் சீட் கிடைக்கும். ஆனால் அம்மா நைட்டி தைத்து வரும் வருமானத்தில் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அரசாங்கம் ஃபீஸில் சலுகை தருகிறது. அந்த முதல் பட்டதாரிச் சான்று இருந்தால் நான் காலேஜுக்குப் போவேன், இல்லையென்றால் வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏறுவேன். அவ்வளவுதான் நிலைமை.

"அதுக்கு மனு போடு" என்று அம்மா சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அத்தாதான் பி.ஏ. ஆச்சேம்மா?" என்று கேட்டேன். "நீ போடு, நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மா என்னைப் பொய் எழுதச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார். வந்து நின்ற இடம் நம் வாசல். கண்ணுக்கு நேரே உங்கள் பலகை: "காஜா மைதீன், பி.ஏ."

"என்னம்மா இது, வாசல்லயே போட்டு வச்சிருக்கீக. வீட்ல பட்டதாரியே இல்லன்னு நான் எப்புடிம்மா எழுதிக் குடுக்குறது?"

அந்த நிமிடம் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது அத்தா. அந்தப் பி.ஏ. நமக்கு என்ன செய்தது? கடைசி வரைக்கும் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு லாரிதானே ஓட்டினீர்கள்? இப்போது என் படிப்பையும் அது கெடுக்கப் பார்க்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உள்ளே போய், உங்கள் பழைய லைசென்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். "அவுக பாஸாகல சார். ஒரே ஒரு பேப்பரு. இங்கிலீசு."

கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது உங்கள் ரிசல்ட் வரவில்லையாம். எப்படியும் பாஸ்தான் என்று பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டு ஊரெல்லாம் கொடுத்துவிட்டார்களாம். மாமா அதைப் பார்த்துத்தான் பலகை செய்து கொண்டுவந்தாராம். நிக்காஹ் முடிந்து பத்தாம் நாள் ரிசல்ட் வந்ததாம். அம்மாவைத் தவிர யாருக்கும் நீங்கள் சொல்லவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் ஃபெயில் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா என்றிருந்தது. பெற்ற தகப்பன் தோற்றதற்குச் சந்தோஷப்பட்ட மகள் வேறு எங்காவது இருப்பாளா?

வி.ஏ.ஓ. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மேலே ஃபெயில் என்று போட்ட மார்க் லிஸ்ட். மற்றதெல்லாம் அதே இங்கிலீஷ் பேப்பருக்கு வாங்கிய ஹால் டிக்கெட்டுகள். "ஆறு தடவையாம்மா?" என்று கேட்டார். "நாலு தடவ எழுதுனாக சார். ரெண்டு தடவ லோடோட போயி மாட்டிக்கிட்டாக, திரும்ப முடியல" என்றார் அம்மா. கடைசி ஹால் டிக்கெட்டைப் பார்த்தேன். அந்த வருடம் நான் மூன்றாம் வகுப்பு.

என் ரேங்க் கார்டில் நீங்கள் முதலில் பார்ப்பது இங்கிலீஷ் மார்க்கைத்தான். "பி.ஏ. படிச்சவன் மக இங்கிலீசுல நாப்பதா?" என்று நீங்கள் கேட்ட அன்றைக்கு நான் சோறு தின்னாமல் படுத்துவிட்டேன். அன்றைக்கு நீங்களாவது சாப்பிட்டீர்களா அத்தா?

"போர்ட கழட்டிரவா சார்?" அம்மா கேட்டார்.

"அது ஒங்க வீட்டு வாசல்மா. எனக்கு இந்த மார்க் லிஸ்ட்டு போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

சான்று வந்துவிட்டது. சீட்டும் கிடைத்துவிட்டது. நீங்கள் மூடி வைத்திருந்ததை ஒரு ஆபீஸ் ஃபைலில் வைத்துவிட்டுத்தான் இதை வாங்கினேன். என்னை மன்னியுங்கள். ஃபைலில் இருப்பது ஃபெயில் என்ற ஒரு வார்த்தைதான். ஆறு முறை ஃபீஸ் கட்டியது அதில் இல்லை. அதனால்தான் அம்மாவின் சம்மதத்தோடு இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மறைக்க இதில் என்ன இருக்கிறது?

பலகை அங்கேயேதான் இருக்கிறது. அதை யாரும் தொட விடமாட்டேன். முதல் செமஸ்டரில் எங்களுக்கும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் உண்டு அத்தா. அதை நம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

சர்க்கார் தாளில் முதல் பட்டதாரி,
நம் வீட்டில் இரண்டாவது,
உங்கள் மகள் பர்வீன்