இரண்டே பேர் பேசும் மொழி

மார்ச் 3, திங்கள்
டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கணையத்தில் இருந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டதாம். "வீட்ல யார்கிட்டயாவது சொல்லி வையுங்கம்மா" என்றார்.

வீட்டில் இருப்பது தம்பி. நாற்பத்திரண்டு வயது. பிறவியிலேயே காது கேளாது, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நாங்கள் பேசுவது சின்ன வயதில் நாங்களே உண்டாக்கிக்கொண்ட கை ஜாடை. உள்ளங்கையை நக்கினால் உப்பு, மூக்கைச் சொறிந்தால் வீட்டு ஓனர். அம்மா போன பிறகு அது தெரிந்த ஜீவன்கள் இந்த உலகத்தில் இரண்டுதான். நானும் போய்விட்டால்?

மார்ச் 4
சொல்லவில்லை.

மார்ச் 11
தையல்கடை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவருடைய அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேளாது. அதனால் நடக்கும் முன்பே கையால் பேசியவர். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை மாடியில் காது கேளாதவர்கள் கூடுகிறார்கள்.

"உலகம் பூரா ஒரே ஜாடைதானே, சேத்து விட்டா பிடிச்சுக்குவான்" என்று உளறினேன்.

சிரித்துவிட்டார். "முந்நூறுக்கு மேல இருக்குன்னு சொல்றாங்க. ஒவ்வொண்ணுக்கும் இலக்கணம், கெட்ட வார்த்தை எல்லாம் தனித்தனி. உங்க தம்பிக்கு அதுல ஒண்ணுகூடத் தெரியாது. கஷ்டம்தான். கூட்டிட்டு வாங்க."

முந்நூறு இருந்து, என் தம்பிக்கு ஒன்று கிடைக்கவில்லை பார்.

மார்ச் 16, ஞாயிறு
மாடியில் முப்பது பேர், கைகள் பறக்கின்றன. இவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் சண்டை. நீ இருக்கும்போது அவங்க எதுக்கு என்றான். பதில் சொல்லக் கையைத் தூக்கினேன் — கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

"டேய், நான் செத்துப்போயிடுவேன்டா" என்று வாய்விட்டுக் கத்தினேன். எதிர்வீட்டு நாய்தான் குரைத்தது.

மார்ச் 24
நேற்று வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். இன்று அவன் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் போன். "நீங்க சொன்னாத்தான் அவருக்குப் புரியுது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கம்மா." வாந்தி எடுத்துவிட்டுப் போனேன். அடுத்த வருஷம் யாருக்குய்யா போன் போடுவே?

என் மாத்திரையைக் காட்டி என்ன என்று கேட்கிறான். கையை மடக்கிப் புஜத்தைக் காட்டி, சத்து மாத்திரை என்று புளுகினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
கெஞ்சிக் கூத்தாடி இழுத்துப் போனேன். வேறு நாட்டுக் கப்பலில் சமைக்கிற ஒருத்தர் வந்திருந்தார். அவருக்கும் காது கேளாது, ஆனால் அவர் கைமொழி வேறு. இவர்கள் ஒன்று காட்ட, அவர் ஒன்று காட்ட, எல்லாருக்கும் முழி பிதுங்கியது. தம்பி எழுந்து அவரிடம் போனான். நடித்தான், தரையில் உட்கார்ந்தான், முகத்தைக் கோணினான். கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது: கடைவாய்ப் பல் வலி, பல் டாக்டர் வேண்டும்.

"நாங்கல்லாம் எங்க பாஷையை விட்டு வெளிய வரத் திணறுவோம். இவருக்கு வாழ்க்கை பூரா இதே பொழப்பு" என்றார் தையல்கடை அம்மா. எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள், அதுதான் கைதட்டலாம். என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 13
அவனே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

மே 18
தினமும் வேலை விட்டதும் நேரே தையல்கடைக்குத்தான். என்னிடம் பேசும்போதே நடுவில் எனக்குத் தெரியாத ஜாடை வருகிறது. நான் கேட்டது இதைத்தானே? இருந்தும் வயிறெரிகிறது. இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல, எந்தக் கையால் சொல்ல?

ஜூன் 8, ஞாயிறு
மாடி ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தேன். தம்பி தையல்கடை அம்மாவிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சொல்றான்?"

ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு மாசமா தினம் ஒரு வார்த்தை கேப்பார். வலி, கட்டி, மருந்துன்னு. எதுக்குன்னு எனக்கும் புரியல. இன்னிக்கு உங்க மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 'அக்காவுக்கு வலி எவ்வளவு இருக்கு? என்கிட்ட மறைக்கிறா. நீங்க கேட்டுச் சொல்லுங்க' அப்படிங்கிறார்."

இதற்காகத்தானாடா கற்றுக்கொண்டாய்.

"ரொம்ப இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அவன் வந்து என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். என் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கினான்.