ஐந்து முறை எழுதிய ஆறு மணி வண்டி

ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளத்தில் உங்கள் வீட்டில் கடைசிவரை இருந்தவர்கள் ஐந்து பேர். உங்கள் கணவர், உங்கள் மகள், பட்டாசு ஆலை வண்டியில் உங்களோடு வேலைக்குப் போய்வந்த செல்லத்தாய், சாத்தூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி, நான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மற்ற எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். நீங்கள் சுவரில் மாலையோடு இருந்தீர்கள்.

உங்கள் மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அச்சகத்தில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள் தாளை அதற்கு அட்டையாகப் போட்டிருந்தீர்கள். ஒரே மயில், நிறம் விலகி விலகி, வரிசையாக. மை வாடை இன்னும் போகவில்லை. இப்போது அந்த நோட்டு என் பூஜை அலமாரியில் இருக்கிறது. விளக்கேற்ற நின்றால் சாம்பிராணியை மீறி அந்த வாடைதான் வருகிறது. மனம் ஒன்றி இரண்டு வரி பாட முடியவில்லை.

"அம்மா உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாக, பெரியம்மா" என்றாள் மகள். நீங்கள் என்னை அக்கா என்றதால் நான் அவளுக்குப் பெரியம்மா. படத்துக்குக் கீழே நீங்கள் பிறந்த வருடம் இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர் நீங்கள். நான்தான் உங்களை "வா, போ" என்று பேசியிருக்கிறேன். வத்தல் கடைக்காரர் வீட்டுக்காரி, பட்டாசு ஆலைக்குப் போகிறவளை அப்படித்தான் கூப்பிடுவாள் என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் முதலில் வந்தது விருதுநகரில் எங்கள் கடைக்கு. என் வீட்டுக்காரர் போனில் சிரித்தார். "உன் வாசகி ஒருத்தவுக வந்திருக்காக. வத்தல் வாங்க இல்ல, உன்னப் பாக்க! நீ எழுதுறதையும் ஒருத்தவுக படிக்கிறாகளே, அனுப்பி வைக்கவா?" மஞ்சள் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். நகக்கண்களில் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் மருந்துப் பொடி போகாது என்று நீங்களே சொல்லிக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டீர்கள்.

"அக்கா, நானும் வலைப்பூ வச்சிருக்கேன். வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் சென்டருக்குப் போவேன். வீட்ல நோட்டுல எழுதிட்டுப் போயி அங்கன தட்டிட்டு வந்துருவேன். யாருமே வந்து பாக்க மாட்டேங்காக. அடுத்த மாசம் அறிமுக வாரம் உங்களுக்குத்தானாமே? என் பக்கத்தையும் ஒரு நாளு காட்டுங்கக்கா."

"பாக்கலாம்" என்றேன்.

தமிழ் வலைப்பூக்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் எங்கள் தளத்தில், வாரம் ஒருவருக்கு அந்தப் பொறுப்பு வரும். புதிதாக எழுத வந்து யார் கண்ணிலும் படாதவர்களை, நாளைக்கு ஒருவராக, ஏழு நாள் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதற்காகவே ஏற்பட்ட வாரம் அது.

நீங்கள் போனதும் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். 'ஆறு மணி வண்டி' என்று ஒன்று இருந்தது. காலையில் ஆலை வண்டியில் ஏறியதும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவதைப் பற்றியது. யார் தோளில் யார் என்பது மாறாது. "அவள் லீவு போட்ட அன்றைக்கு, அவள் தோளில் சாய்கிறவள் ஆலை வரை முழித்துக்கொண்டே வருவாள்" என்று முடித்திருந்தீர்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

அப்படியிருந்தும் உங்களைக் காட்டவில்லை.

என்னிடமும் ஒரு நோட்டு உண்டு. என் வலைப்பூவுக்கு வந்து பின்னூட்டம் போடுகிறவர்களின் பெயரை எழுதி வைப்பேன். மொய் நோட்டு மாதிரியேதான். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் நான் அவர்கள் பக்கத்துக்குப் போய்த் திருப்பிச் செய்தது. எட்டாவதோடு நின்றவள் நான். கணினியில் தமிழ் அடிக்கத் தானாகவே பழகியவள். எழுதுகிறவர்களின் முறைகள் எனக்குத் தெரியாது. தெரிந்தது விசேஷ வீடுகளில் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்கிற செய்முறை ஒன்றுதான், அதை வைத்தே அந்த உலகத்தில் நடந்துகொண்டேன். ஏழு நாளுக்கும் அந்த நோட்டிலிருந்தே ஏழு பெயர் எடுத்தேன். அவர்களில் இரண்டு பேர் புதியவர்களே இல்லை. உங்கள் பெயரில் ஒரு பின்னூட்டமும் இல்லை, அதனால் விட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கிறவர் எதைச் செய்வார் என்பது எனக்குத் தெரியாதா?

நோட்டின் மேல் பழி போட்டது பொய். நான் இரண்டு வருடமாக எழுதியதில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்க ஒன்றுமில்லை. உங்களை வெளியே காட்டினால் எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து எழுதும் பெண் என்று இனி உங்களைத்தான் சொல்வார்கள் என்று பயந்தேன். அம்மன் முன்னால் நின்று சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். பொறாமை.

வாரம் முடிந்த மறுநாள், கடைத்தெருவில் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டீர்கள். குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

"ஏழு பேரையும் படிச்சேன்க்கா. அண்ணாச்சிட்ட கேட்டு தினமும் அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போனேன். நல்லா எழுதுறாக. என்னது நல்லா இல்லேன்னா சொல்லிருங்க, திருத்திக்கிறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் எழுதிப் பழகு" என்றேன். "சரிக்கா" என்றீர்கள். காசு தீர்ந்து போன் நின்றுவிட்டது.

அதன் பிறகு உங்கள் பக்கத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணாச்சி போன் செய்து, காமாலையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று சொல்லும்வரை.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் பிரித்தேன். முதலில் 'ஆறு மணி வண்டி', எனக்குத் தெரிந்த அதே வரிகள். பக்கம் திருப்பினால் மறுபடி 'ஆறு மணி வண்டி'. மறுபடி. மொத்தம் ஐந்து. இரண்டாவதில் சூரியன் வந்திருந்தது. மூன்றாவதில் பறவைகள். ஐந்தாவது, என் பதிவுகள் தொடங்குகிற மாதிரியே, "அன்னையின் திருவருளால்" என்று தொடங்கியது. வண்டி இருந்தது, காலை இருந்தது, உழைப்பின் பெருமை இருந்தது. தோள் இல்லை. நான் சொன்னபடி, என்னைப் பார்த்து, எழுதிப் பழகியிருக்கிறீர்கள்.

செல்லத்தாய் எட்டிப் பார்த்து, "என்ன எழுதிருக்கா?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. முதலாவதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் சிரித்துவிட்டார். "அது நாந்தாம்மா! அவ தோளெலும்பு குத்தும், மேட்டுல ஏறுனா மண்டையில இடிக்கும். 'ஏட்டி, நாளைக்கு ஒரு தலகாணி கொண்டாடி'ம்பேன். அதுல சாஞ்சாத்தான் எனக்கு உறக்கம் வரும்." பிறகு சிரிப்பு நின்றது. "இப்பம் முழிச்சிக்கிட்டேதான் போறேன்" என்றார்.

தளத்தில் மறுபடி எனக்கு ஒரு வாரம் கேட்டிருக்கிறேன், தந்துவிட்டார்கள். ஏழு நாளும் உங்கள் எழுத்து மட்டும்தான். ஆனால் உங்கள் மகள் சொன்னாள்: "அஞ்சாவதா எழுதுனதத்தான் போடணும், பெரியம்மா. அம்மா காய்ச்சலோட உக்காந்து எழுதுனது. நீங்க பழகச் சொன்னீகளாம், பழகி எழுதிட்டேன்னு சந்தோசமாச் சொன்னாக."

முதலாவதைப் போட வேண்டுமென்றால் ஏன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை அச்சங்குளம் போகிறேன்; அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. அவள் இனி என்னைப் பெரியம்மா என்று கூப்பிடாமல் போனாலும் சரி. என் மொய் நோட்டைக் கிழிக்கவில்லை. கிழித்தால் தப்பித்துவிட்டதாக ஆகிவிடும். உங்கள் நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

ஆனால் ஐந்தாவதும் உங்கள் கைதான். காய்ச்சலோடு எழுதிய கை. அதைத் தள்ளிவைக்க நான் யார்? முன்பு ஒருமுறை உங்களுக்காக நானே முடிவு செய்தேன். அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை அம்மன் சந்நிதியில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று என்று இரண்டு பொட்டலம் கட்டி வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லிப் பூக்கேட்கப் போகிறேன். வெள்ளைப் பூ வந்தால் முதலாவது, சிவப்பு வந்தால் ஐந்தாவது. சனிக்கிழமை என் வாரம் தொடங்குகிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அக்கா.