மந்திரியாக இருந்தவருக்கு நான் சொன்ன பதில்

சார்,

இருமலுக்கு அதிமதுரம் வாங்கலாமென்று இங்கே தோஹாவில் நஜ்மா பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் உங்கள் கார் வாசனை அடித்தது. நார்வேயிலிருந்து வரவழைத்து வைத்திருப்பீர்களே, உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய், அதே வாசனை. ஒன்றை என்னைத் தின்னவைத்து, என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. மருந்தை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நீங்கள் இறந்த செய்தியை ஆபீஸ் பெண் போன மாதம் அனுப்பினாள். நார்வே பத்திரிகையில் வந்ததைப் போனில் மொழிமாற்றிப் படித்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிறந்தவர், மீன் ஆலைத் தொழிலாளி, சங்கத் தலைவர், பார்லிமெண்ட் உறுப்பினர், இரண்டு முறை தொழிலாளர் நல மந்திரி. எல்லாம் நீங்களே காரில் சொன்ன கதைதான். கடைசியில் 'தொழிலாளர்களின் தோழர்' என்று முடித்திருந்தார்கள். தோஹாவில் எங்கள் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த மூன்று வருடத்துக்கு ஒரு வரி கிடையாது. வயிறு எரிந்தது சார்.

மற்ற பெரிய ஆட்கள் பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். நீங்கள் முன்னால், டிரைவரான என் பக்கத்தில் உட்காருவீர்கள். தேர்தலில் தோற்றதைக்கூட ஒளிக்காமல் சொல்வீர்கள். மந்திரியாக ஆலைகளைப் பார்க்கப் போனதைச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "முதலில் முதலாளியை வெளியே அனுப்புவேன். அவன் பக்கத்தில் நின்றால் எந்தத் தொழிலாளியும் உண்மை பேச மாட்டான்."

அதை அன்றைக்கே நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் செல்வினிடம் சொன்னேன். குளச்சல்காரன், கம்பி கட்டுகிறவன், எனக்கு ரூம்மேட். எங்கள் பிளாக்கில் ஏசி கெட்டு இரண்டு மாதமாகியிருந்தது. பகல் முழுக்க வெயில், ராத்திரி தூக்கமில்லை. அவனுக்கு அடிக்கடி மயக்கம் வரும். "ஒனக்க மந்திரிய ஒருநாளு இஞ்ச கூட்டிட்டு வா மக்கா. அவரு ஒரு தடவ பாத்தா போரும்" என்றான். அம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டான், ஒரு மந்திரி வரப்போகிறார் என்று.

வந்தீர்கள். கம்பெனியே உங்களைக் கேம்பைப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னது. வரும் நாளை முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவிட்டீர்கள். வாடகை ஏசி வந்தது, புது மெத்தை வந்தது. செல்வினைப் போல உடம்பு முடியாதவர்களையெல்லாம் விடிந்ததுமே பஸ்ஸில் ஏற்றி சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது மேனேஜர் பின் சீட்டில் இருந்தான். "நீயும் இங்கேதானே தங்கியிருக்கிறாய்? எப்படி இருக்கிறது?" என்று கேட்டீர்கள். கண்ணாடியில் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "குட் சார்" என்றேன்.

உங்களுக்குத் தெரியாதா சார்? ஊரெல்லாம் முதலாளியை வெளியே அனுப்பினவருக்கு, இவனை இறக்கிவிட்டுக் கேட்க என்ன கேடு வந்தது? அவனை ஆபீசில் விட்ட பிறகு உங்கள் வீடுவரை நாம் இரண்டு பேர்தான். மறுபடி கேட்பீர்கள், கேட்பீர்கள் என்று மெதுவாகவே ஓட்டினேன். நீங்கள் உங்கள் ஊர் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

மூன்றாம் நாள் வாடகை ஏசியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் செல்வின் சைட்டில் விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. உங்களிடம் சொன்னபோது என் தோளைப் பிடித்து, "மிகவும் வருத்தமாக இருக்கிறது. அறிக்கை போய்விட்டதே" என்றீர்கள். அந்த அறிக்கையின் நகல் ஒன்று காரிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 'அங்கே தங்கியிருக்கும் தொழிலாளி ஒருவரிடம் நானே நேரில் கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்' என்று எழுதியிருந்தீர்கள்.

லீவில் போகும்போதெல்லாம் செல்வினின் அம்மாவைப் பார்க்கப் போவேன். "அந்த மந்திரி வந்து பாக்கவே இல்லியா மக்களே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். வந்தார், என்னிடம்தான் கேட்டார், நான்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உங்களை எவ்வளவு வேண்டுமானாலும் என்னால் திட்ட முடிகிறது சார். அவளிடம் இதை மட்டும் சொல்ல முடியவில்லை. "இல்ல அம்மா, அவரு வரல்ல" என்றே சொல்லி வருகிறேன்.