தங்கப்பூ சீலிங்

ஆகஸ்ட் 21, வியாழன்

புது வீட்டு ஹாலுக்கு நாத்தனார் தேர்ந்தெடுத்த, தங்கநிறப் பூ வேலைப்பாடு போட்ட ஃபால்ஸ் சீலிங்கை இன்று கழற்றிவிட்டோம். காலையில் அதைப் பொருத்தி முடித்ததும் அண்ணாந்து பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் நிற்பதுபோல் இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: “எனக்குப் புடிக்கலீங்க. வெறும் வெள்ளையே போதுங்க.”

“அக்கா ஆசப்பட்டுச் சொன்னதாச்சே,” என்றார் இவர். அவரும் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு வேலையாளிடம், “கழட்டிருங்க,” என்றார்.

சாயங்காலம் தூசி அடங்கியதும் இவர் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, “இப்பத்தான் நம்ம வூடு மாதிரி இருக்குது,” என்றார். ஜன்னல் வெளிச்சம் மேலே தடையில்லாமல் பரவிக் கிடந்தது. நானும் பக்கத்தில் படுத்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச அவிநாசியிலிருந்து நாத்தனார் வருகிறார். பார்த்ததும் என்ன சொல்வாரோ. சொல்லட்டும். ஜன்னல் திரைக்குக் கடுகு மஞ்சள்தான் என்று நான் இப்போதே முடிவு செய்துவிட்டேன்.