திரையில் தெரிந்தது என் கை

என் சபியாக்காவுக்கு, உன்மேல் ஸலாம்.

காய்ச்சலில் நீ போய் இரண்டு ரமலான் நோன்பு கடந்துவிட்டது. உன் துறைத்தலைவர் நன்றாகத்தான் இருக்கிறார். அவர் மாதிரி ஆட்களுக்கு என்ன வரும்?

பொத்தேரி காலேஜ் லேபில் நீ அந்தக் கண்ணாடிச் சில்லைக் காட்டியது நினைவிருக்கிறது. கடுகைவிடச் சின்னது. "உள்ள போற வெளிச்சம் விளிம்பையே சுத்திகினு இருக்கும்டா. லேசா சூடு பட்டாலே அது சுத்துற நிறம் துளி மாறும். அத அளந்தா சூட்டையே படமா எடுக்கலாம். கேமராவ குளிர வைக்க பெரிய பெட்டியெல்லாம் வேணாம்" என்றாய். கடப்பாக்கத்தில் படகிலிருந்து இருட்டில் தவறி விழுந்த மாமாவை யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போன பிறகு பிடித்த வெறி அது.

தலைவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, கடுகுல கேமராவா? வூட்டுக்கு எடுத்துகினு போய் தாளி." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், உன் தோழி வித்யா உட்பட. நீ அதைக் காதில் வாங்காமல் செய்தே முடித்தாய்.

ஆறு மாதத்துக்கு முன் மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்கு. வித்யா கூப்பிட்டாள், போனேன். மேடையில் அதே சில்லு, அதே மனிதர். கோட்டு மட்டும் புதுசு. "இது என் பல வருடக் கனவு" என்றார். நாக்கு கூசவில்லை. உன் பெயர் எங்குமே இல்லை.

பிறகு திரையில் ஒரு கையின் சூட்டுப்படம் வந்தது. ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. ஐஸ் உடைக்கும் மிஷின் தின்ற என் விரல்.

வெளியூர்ப் பேராசிரியை ஒருவர், "இது யார் கை?" என்றார்.

"எங்க லேப் பையனோடது."

நான் எழுந்து கையைத் தூக்கிக் காட்டினேன். "என்னுதுங்க மேடம். படம் எடுத்தது எங்கக்கா சபியா. இவரு அப்ப இத தாளிக்கச் சொன்னாரு."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தண்ணீர் குடித்தார், டீக்கு நேரமாகிவிட்டது என்றார்.

மறுவாரம் வீட்டுக்கே வந்தார். அந்தச் சில்லைப் பற்றி அவர் எழுதும் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரைப் போடுவாராம். பெரிய மனசு. அம்மா டீ கூடப் போடவில்லை.

அந்தப் பேராசிரியை விடவில்லை. விசாரணை வைத்தார்கள். வித்யா, தாமதமாகத்தான், வாயைத் திறந்தாள். இப்போது கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. அவர் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாவதாக ஒட்டிக்கொண்டார். செருப்பில் சேறு ஒட்டுவது மாதிரி.

நீ இருந்திருந்தால் மன்னித்திருப்பாயோ? உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. எனக்கில்லை. இனி அவர் எந்த மேடையில் ஏறினாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
அப்பாஸ்